வரலாற்றில் நம் தெரு

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிக் கூத்தாநல்லூரில் ஆற்றிய உரை)

 

ஒரு கீற்றுக் கொட்டகையில் மாலைப் பாடவகுப்பாகத் தொடங்கிய நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அதன் பெருமைகளை எடுத்துரைக்கும் பொறுப்பைச் செயலாளர் அவர்கள் தம் அறிக்கையில் குறைவின்றி நிறைவேற்றிவிட்டார்கள். ஆதலின் நாம் அதனைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நம் பிள்ளைகளுள் ஒருத்தி கேட்க நினைத்துக் கேளாமல் விட்ட ஒரு கேள்வியைப் பற்றி மட்டுமே இன்று பேச விழைகின்றோம்.

கல்லூரி மாணவர்களிடையே தமிழர்தம் பண்பாட்டையும் வரலாற்றையும் பற்றிய உணர்வை வளர்ப்பதற்காகத் தமிழ்நாடு அரசு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வாயிலாக, 'மாபெரும் தமிழ்க் கனவு' என்னும் சொற்பொழிவு நிகழ்ச்சியை 2022–23ஆம் கல்வியாண்டில் தொடங்கிற்று. பல கல்லூரிகளின் மாணவர்கள் ஓரிடத்தில் கூடுகின்றனர். அறிஞர்கள் வந்து உரையாற்றுகின்றனர். 'தமிழ்ப் பெருமிதம்' என்றொரு சிற்றேட்டினைக் கையில் தருகின்றனர். உரை முடிந்தபின் மாணவர் வினாத் தொடுக்கலாம். நல்ல வினாவைத் தொடுத்தவர்க்குக் 'கேள்வியின் நாயகன்', 'கேள்வியின் நாயகி' என்று பட்டம் சூட்டிப் பாராட்டுகின்றனர். விடை சொன்னவனுக்கே பரிசு என்று வளர்ந்த நம் போன்றோர்க்குக் கேள்வி கேட்டவர்க்குப் பரிசு என்பது புதுமையாகத்தான் இருக்கிறது. இந்நிகழ்ச்சியில் நமக்கு மிகவும் உவப்பான பகுதியும் அதுவே.

நம் தெருப் பெண்கள் சிலர் அத்தகைய நிகழ்ச்சி ஒன்றுக்குச் சென்று வந்தனர். முன்னெல்லாம் கல்லூரி என்றால் மன்னார்குடிக்கோ திருவாரூருக்கோ பேருந்தில் தொங்கிக்கொண்டு போக வேண்டும். பெண் பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திய வீடுகள் நம்மிடையே எத்தனை என்பதை நாம் அறிவோம். 2022ஆம் ஆண்டில் கூத்தாநல்லூரிலேயே அரசு மகளிர் கலை அறிவியல் கல்லூரி தொடங்கப்பெற்ற பின்னர் அந்தத் தடை பெரிதும் தளர்ந்தது. அவ்வாறு கல்லூரி வாயிலை மிதித்த முதல் தலைமுறைப் பெண்களுள் ஒருத்தி அன்று மாலை நம் படிப்பகத்திற்கு வந்து அச்சிற்றேட்டைக் காட்டினாள். அதன் நடுவே மடித்து வைத்த ஒரு துண்டுத்தாள் இருந்தது. பேச்சாளர் தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி உரைத்தபோது அவள் குறித்துக்கொண்ட கேள்வி அது. "அந்தக் கோயிலைக் கட்டிய நாளில் எங்கள் தெரு எங்கே இருந்தது?"

கேட்டாயா என்று வினவினோம். இல்லை என்றாள். ஏன் கேட்கவில்லை என்றதற்கு அவள் சொன்ன விடை இது: "எந்தத் தெரு என்று திருப்பிக் கேட்பார்களே, தாத்தா!"

நண்பர்களே, அந்த விடையைக் கேட்டபின் அன்றிரவு நமக்கு உறக்கம் கொள்ளவில்லை. அங்கே யாரும் அவளை இழிவுபடுத்தவில்லை. உரையாற்றியவர் நல்லவர், கற்றவர். ஆயினும் ஆயிரம் பேர் கூடிய அரங்கில் ஒலிவாங்கியைப் பற்றி 'எங்கள் தெரு' என்று சொல்ல நம் பெண்ணுக்கு நா எழவில்லை. பெருமிதத்தை எல்லோர்க்கும் பொதுவென்று வழங்கிய அவையில், தனக்கு அதில் பங்குண்டா என்று கேட்கும் துணிவு அவளுக்கு வரவில்லை. அக்குறையை நீக்குவது நம் போன்ற சங்கங்களின் கடமை. அரசு அரங்கை அமைத்துத் தரலாம். அங்கே எழுந்து நிற்கும் முதுகெலும்பை நாம்தான் தர வேண்டும். அதற்காகச் சில திங்கள் அந்தக் கேள்விக்கு விடை தேடினோம். தேடிக் கண்டவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

முதலாவது, இராசராசன் காலத்தில் நம் தெரு எங்கே இருந்தது என்பதற்கு விடை அந்தக் கோயிற் சுவரிலேயே உள்ளது. இது வியப்புக்குரியது, ஆயினும் உண்மை. 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய அக்கோயிலுக்கு மன்னன் பல ஊர்களின் வருவாயை எழுதி வைத்தான். ஒவ்வோர் ஊரிலும் மொத்த நிலம் எவ்வளவு, அதில் வரி இறுக்காத நிலம் எவ்வளவு, எஞ்சிய நிலத்துக்கு 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்க வேண்டிய நெல் எத்தனை கலம் என்பதெல்லாம் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. வேலியின் மிகச் சிறிய பின்னங்கள் வரை கணக்கிட்டிருக்கின்றனர். இந்நாள் நில அளவையர் அதைக் கண்டால் தலை வணங்குவர். வரி இறுக்காத நிலங்களைக் கழிக்கும்போது அவை எவையென ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கழித்துள்ளனர். ஊர்நத்தம் வருகிறது. கோயில்களும் குளங்களும் ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்களும் வருகின்றன. அவற்றோடு கம்மாணசேரி, ஈழச்சேரி, வண்ணாரச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பனவும் வருகின்றன. சுடுகாட்டைச் சொல்லும்போதும் பறைச்சுடுகாடு தனியே குறிக்கப்படுகிறது.

இக்கல்வெட்டுகளை ஹூல்ட்ஷ் என்னும் செருமானிய அறிஞர் படித்து, 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் 1891 முதல் வெளியிட்டார். அதாவது நூற்றாண்டுக்கு மேலாக அது அச்சில் இருக்கிறது. பெரிய கோயிலுக்குச் சுற்றுலா சென்று வந்த நம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கானோர். அவர்களுள் ஒருவரேனும் அச்சுவரில் தம் தெருவின் பெயர் இருப்பதை அறிந்து வந்ததில்லை. நந்தியின் அளவையும் விமானத்தின் உயரத்தையும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

இதிலிருந்து இரண்டு செய்திகளை நாம் அறிய வேண்டும். ஒன்று கசப்பானது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இக்காவிரி நாட்டில் தீண்டாமை என்பது ஊர்க்கணக்கில் எழுதும் அளவுக்கு ஊன்றிவிட்டது. அது அந்நியன் கொண்டுவந்தது, நேற்று வந்தது என்று கூறி நம்மை ஆறுதற்படுத்துவோர் அக்கல்லைப் படிக்கவில்லை. மற்றொன்று, நாம் அவ்வூர்களுக்கு வந்தேறியவர் அல்லர். ஊர்நத்தம் எழுதப்பட்ட அதே கல்லில், அதே உளியால், நம் குடியிருப்பும் எழுதப்பட்டது. அந்த நெல்லை விளைவித்த கைகள் யாருடையவை என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

சேரி என்னும் சொல்லைப் பற்றியும் இடையே ஒன்று சொல்லிவிடுகின்றோம். அச்சொல்லைக் கேட்டால் நம் இளைஞர்கள் கூசுகின்றனர். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நீங்கள் அறிவீர்கள். குடவோலை முறையைச் சொல்லும் அவை முதற்பராந்தகன் காலத்தவை, 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. அந்தணர் சபை ஆண்ட அவ்வூரில் முப்பது குடும்புகளும் பன்னிரண்டு சேரிகளும் இருந்தன. ஆம், அந்தணர் குடியிருந்த பகுதிக்கும் அன்று சேரி என்றே பெயர்! குடியிருப்பின் பகுதி என்பதுதான் அச்சொல்லின் பொருள். காலப்போக்கில் மற்றவர்கள் அச்சொல்லை விட்டுவிட்டுத் தெரு என்றும் அக்கிரகாரம் என்றும் வழங்கிக்கொண்டனர். சேரி நம்மிடமே தங்கிற்று. சொல்லில் இழிவு இல்லை. அதனை நமக்கு மட்டும் ஒதுக்கியதில்தான் இழிவு இருக்கிறது.

கல்வெட்டுக்கும் முற்பட்ட காலத்தைச் சிலர் வினவலாம். கீழடியில் 2014ஆம் ஆண்டில் அகழாய்வு தொடங்கிற்று. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, அங்குக் கிடைத்த பொருள்களின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை கொண்டுசென்றது. ஆதன் முதலிய பெயர்களைத் தமிழி எழுத்தில் கீறிய பானை ஓடுகள் பல கிடைத்தன. பானையில் பெயர் எழுதியவர் அரண்மனையில் வாழ்ந்தவர் அல்லர். சமைத்து உண்ட மக்கள். எழுத்து எல்லார் கையிலும் இருந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் சிறப்புடைய குடிகளாக நான்கினை எண்ணும்போது துடியன், பாணன், கடம்பன் ஆகியோருடன் பறையனையும் சேர்த்து எண்ணுகிறார். அதே மக்களின் குடியிருப்பு இராசராசன் காலத்தில் தீண்டாச்சேரியாக எழுதப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஓராயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்தது என்ன? பெருமித உரை நிகழ்த்தும் எந்த அறிஞரிடமும் நம் மாணவர் மரியாதையோடு கேட்கத்தக்க வினா இது.

அடுத்து நந்தனாருக்கு வருவோம். நம் வீடுகளில் அவர் கதையை அறியாதார் இல்லை. சிதம்பரத்துக்குப் போக உத்தரவு கேட்டுப் பண்ணை வேதியரிடம் மன்றாடிய நந்தன், ஓரிரவில் நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்தால் போகலாம் என்ற கட்டளை, விடிவதற்குள் இறையருளால் அது முடிந்தது என்பதெல்லாம் நாம் கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் திரைப்படத்திலும் கண்டவை. ஆனால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தைத் திறந்து பாருங்கள். அதில் அந்த வேதியர் இல்லை! நாற்பது வேலியும் இல்லை. சேக்கிழாரின் திருநாளைப்போவார் யாருக்கும் பண்ணையாள் அல்லர். ஊர் தமக்கு அளித்த பறைத்துடவை என்னும் மானிய நிலத்தின் வருவாயில் வாழ்ந்து, கோயில் முரசுகளுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், வழிபாட்டுக்குக் கோரோசனையும் கொடுத்து வந்த தொண்டர் அவர். கோயிலுக்குள் நுழைய இயலாமல் வாயிலில் நின்றார் என்பது அங்கும் உண்டு. தீக்குளித்த பின்னரே தில்லையுள் சென்றார் என்பதும் உண்டு. ஆனால் பண்ணை அடிமைத்தனம் அக்கதையில் இல்லை.

அதனைச் சேர்த்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து இந்த வயல்வெளிகளுக்கு நடுவே வாழ்ந்தவர் அவர். தம் கண்முன் கண்ட மிராசுதாரையும் பண்ணையாளையும் எழுநூறு ஆண்டுகள் பின்னோக்கிக் கொண்டுபோய் ஆதனூரில் வைத்துவிட்டார். வரலாற்றை மாற்றிவிட்டார் என்று அவர்மீது சினம் கொள்ளலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. சேக்கிழார் நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டைக் காட்டுகிறது என்றால், பாரதியார் நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சையைக் காட்டுகிறது. ஒரு நாள் கோயிலுக்குப் போவதற்கும் ஆண்டையின் உத்தரவு வேண்டும் என்ற நிலை எந்தக் காலத்தில் வந்தது என்பதற்கு அந்நூலே சான்று. இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் மாணவனுக்கு வரலாறு என்றால் என்ன என்பது ஒரே மாலையில் விளங்கிவிடும்.

சேக்கிழாரிடம் மற்றொரு செல்வமும் இருக்கிறது. ஆதனூர்ப் புறத்தே இருந்த நம் குடியிருப்பை அவர் வருணித்திருக்கிறார். சுரைக்கொடி படர்ந்த பழங்கூரைகள், கோழிகளும் குஞ்சுகளும், மாமரக் கிளைகளில் தொங்கும் பறைகள், தென்னையடியில் கிடக்கும் நாய்க்குட்டிகள், நெல் குற்றும் பெண்களின் பாட்டு என ஒவ்வொன்றையும் கண்டு எழுதியிருக்கிறார். ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் நம் தெருவின் வழியே நடந்து சென்று கண்டதைச் சொல்வது போல இருக்கிறது. 'எங்கள் தெரு எங்கே இருந்தது' என்று கேட்ட பெண்ணிடம் நாம் முதலில் எடுத்துக் கொடுத்தது இந்தப் பகுதியைத்தான். அவள் அதனை இருமுறை படித்துவிட்டு, "சுரைக்கொடி இப்போதும் எங்கள் கூரையில் இருக்கிறது" என்றாள்.

நந்தனார் பெயரைச் சொல்லும்போது சுவாமி சகஜானந்தரை நினையாமல் செல்ல இயலாது. 1916ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, நந்தன் உள்ளே நுழையத் தீயில் இறங்க வேண்டியிருந்த அந்த ஊரிலேயே நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியவர் அவர். நம்மைப் போன்ற கல்விச் சங்கங்களுக்கெல்லாம் அவரே முன்னோடி. அவருக்கு முன் அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பெயரிட்டு இதழ் நடத்தினார். எந்தத் தெரு என்று கேட்பார்களே என்று அவர் அஞ்சவில்லை! பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் எல்லாரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவரும் அவரே. இவர்களைப் பற்றி நம் மாலை வகுப்பில் பலமுறை பேசியிருக்கின்றோம். ஆதலின் இங்கு விரிக்கவில்லை.

விரிக்க வேண்டியது நம் பாட்டன் காலத்துக் கதை. அதைத்தான் நாம் யாரும் பேசுவதில்லை. சோழர் காலத்துக் கல்லைப் படிக்க அறிஞர் உண்டு. நம் தாத்தா பட்ட அடியைப் படிக்க யார் உண்டு? அவரே அதைச் சொல்ல வெட்கப்பட்டார். நம் தந்தையர் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாதென மறைத்தனர்.

இந்நாட்டில் அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று ஆங்கில அரசு 1843ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தது. ஆயினும் அதன்பின் நூறாண்டுகள் கழிந்தும் தஞ்சை மாவட்டத்துப் பண்ணைகளில் பள்ளரும் பறையரும் ஆண்டைக்குக் கட்டுப்பட்ட ஆட்களாகவே இருந்தனர். தப்பிப்போக எண்ணியவர் நாகப்பட்டினம் சென்று கப்பலேறினர். கூத்தாநல்லூர் வணிகப் பெருமக்கள் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற 'ரஜுலா' முதலிய கப்பல்களின் அடித்தட்டில் நம்மவரும் தோட்டக் கூலிகளாகச் சென்றனர். இவ்வூரின் அழகிய மாளிகைகள் முதல் வகையினரின் வரலாற்றைச் சொல்கின்றன. இரண்டாம் வகையினர் பினாங்கிலும் பேராக்கிலும் என்ன ஆயினர் என்பதைச் சொல்லும் கடிதங்கள் நம் வீட்டுப் பெட்டிகளில் உண்டா? தேடிப் பாருங்கள்.

ஊரிலேயே இருந்தவர் கதி என்ன? வேலைக்குச் சற்று தாமதித்தால் சவுக்கடி. எதிர்த்துப் பேசினால் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் சாணிப்பால் தண்டனை. இது கதையன்று. 1943ஆம் ஆண்டில் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தோன்றிற்று. கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் அவர்கள் நம் மக்களோடு தங்கி, அவர்கள் உண்டதை உண்டு, அச்சங்கத்தைப் பரப்பினார். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிக்கப்பட்டன. இங்கிருந்து பேருந்தில் அரைமணிப் பயணத்தில் உள்ள மன்னார்குடியில் நிகழ்ந்தது அது! ஒழிப்பதற்கு ஓர் ஒப்பந்தம் வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அவை எவ்வளவு இயல்பாக வழங்கின என்பதை உணரலாம். அப்போராட்டத்தில் நம்மவருள் எழுந்த தலைவர் களப்பால் குப்பு. 1948இல் சிறையிலேயே அவர் உயிர் நீத்தார். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடைப்பட்ட ஊர்களில் முதியோர் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் தழுதழுப்பதைக் கேட்டிருக்கின்றோம். ஆனால் நம் கல்லூரி மாணவருள் அப்பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்? கையுயர்த்துங்கள் என்று சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

1952ஆம் ஆண்டில் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஓர் ஊரில் ஒரு வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு மேல், நிலம் உள்ளவர் தம் பண்ணையாளை நினைத்தபடி நீக்கக் கூடாது, கூலி இவ்வளவு தர வேண்டும் என்று அது விதித்தது. சட்டத்துக்குத் தப்ப வேண்டிப் பண்ணையாளை நாட்கூலியாக மாற்றிய பண்ணைகளும் உண்டு. நன்மையும் தீமையும் கலந்தே வந்தன. ஆனால் ஆண்டையின் சொல்லுக்கு மேல் ஒரு சொல் உண்டு என்பதை நம் மக்கள் அன்றுதான் முதன்முறையாகக் கண்டனர்.

பின்னர் 1968. அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டதற்காகவும் செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததற்காகவும், ஒரு குடிசையில் அடைக்கலம் புகுந்திருந்த நாற்பத்து நால்வர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இதற்குமேல் அதைப் பற்றிப் பேச நமக்கு வாய் எழவில்லை. நினைவிடம் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையேனும் சென்று அப்பெயர்களைப் படித்து வர வேண்டும்.

அந்தச் சாம்பலைக் கண்டு இப்பகுதிக்கு வந்து தங்கியவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1926இல் மதுரைச் சீமையில் ஒடுக்கப்பட்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்து, அக்காலத்திலேயே கல்லூரிப் படிப்பை முடித்தவர் அவர். தம் கணவரோடு சேர்ந்து 1981இல் லாப்டி என்னும் இயக்கத்தைத் தொடங்கி, நிலமற்ற உழவர்களுக்கு, அதிலும் பெண்களின் பெயருக்கே, நிலம் வாங்கிப் பதிவு செய்து தந்தார். கல்லூரிப் படிப்பு ஒரு பெண்ணை எங்கே கொண்டுசெல்லக் கூடும் என்பதற்கு மகளிர் கல்லூரியில் பயிலும் நம் பெண்கள் தொலைவில் தேட வேண்டாம்.

தெருவைப் பற்றிய கேள்விக்குக் கடைசி விடை 1971இல் இருக்கிறது. அந்நாள் வரை நம் குடிசை நின்ற மண் நம்முடையது அன்று. மிராசுதாரின் கொல்லையிலோ வாய்க்கால் திடலிலோ அவர் இருக்கச் சொன்ன இடத்தில் இருந்தோம். சண்டை வந்தால் முதலில் வரும் சொல் 'குடிசையைப் பிரித்துக்கொண்டு போ' என்பதே. குடியிருப்பு மனைகளின் உரிமையைக் குடியிருப்போர்க்கே வழங்கும் சட்டம் 1971இல் நிறைவேறியது. இராசராசன் கல்வெட்டில் கழிக்கப்பட்ட நிலமாகப் பதிந்த நம் தெரு, ஏறத்தாழ 960 ஆண்டுகளுக்குப் பின், நம் பெயருக்கே பட்டாவாகப் பதிந்தது. அந்தப் பட்டாத் தாள்களை நம் வீட்டுப் பெண்கள் மஞ்சள் பையில் சுற்றி, அரிசிப் பானைக்கு அருகில் வைத்திருப்பதைப் பார்த்திருக்கின்றோம். கரையான் அரித்தும் மழையில் நனைந்தும் அவை அழிந்து வருகின்றன. பெரிய கோயில் கல்வெட்டுக்கு எவ்வளவு மதிப்பு உண்டோ அவ்வளவு மதிப்பு அத்தாள்களுக்கும் உண்டு என்பது நம் துணிபு.

வேற்று நாட்டில் நடந்த ஒன்றையும் சொல்லி முடிக்கின்றோம். அமெரிக்காவில் அடிமைகளாயிருந்த பெற்றோர்க்கு 1875இல் பிறந்தவர் கார்ட்டர் உட்சன். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்துப் பிந்திப் பள்ளிக்குச் சென்று, 1912இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார். தம் மக்களின் வரலாறு எந்தப் பாடநூலிலும் இல்லை என்று கண்டு, 1915இல் அதனை ஆராய ஒரு கழகம் அமைத்தார். 1926இல், பிப்ரவரித் திங்களின் ஒரு வாரத்தைத் தம் மக்களின் வரலாற்று வாரமாகக் கொண்டாடச் செய்தார். பள்ளிகளும் தேவாலயங்களும் அதனை ஏற்றன. 1976இல் அது ஒரு திங்கள் முழுவதற்குமாக விரிந்தது. அவர் அரசு அழைக்கும் வரை காத்திருக்கவில்லை என்பதை மட்டும் கருதுங்கள்.

நாமும் சிறிதாக ஒன்றைத் தொடங்கியிருக்கின்றோம். படிப்பகத்தில் ஒரு பேரேடு வைத்துள்ளோம். கல்லூரியில் பயிலும் ஒவ்வொரு பிள்ளையும் விடுமுறையில் தம் தெருவில் எழுபது வயதைக் கடந்த ஒருவரிடம் அமர்ந்து, அவர் வாழ்வைக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். யாருடைய பண்ணை, எத்தனை மரக்கால் கூலி, நடவில் என்ன பாட்டு, எந்தக் குளத்தில் நீர் எடுத்தனர், எந்தக் குளத்தில் எடுக்க விடவில்லை, எந்த ஆண்டு முதன்முதலில் செருப்பணிந்து அக்கிரகாரத்து வழியே நடந்தனர் என்பன போன்றவற்றைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். ஆண்டு நினைவில்லை என்பார்கள். எந்தப் புயலுக்கு முன், யார் திருமணத்திற்குப் பின் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். சண்டைக்காரர் பெயரைச் சொல்லிப் புண்ணைக் கிளறுவது நோக்கமன்று என்பதை அவர்களுக்கு எடுத்துரைத்துவிட்டே தொடங்குங்கள். இதுவரை பதினோரு பேர் எழுதித் தந்துள்ளனர். அவற்றுள் ஒன்பது, பெண் பிள்ளைகள் எழுதியவை. ஆண் பிள்ளைகள் கிரிக்கெட் பந்தயத்தை முடித்துவிட்டு வருவார்கள் என நம்புகின்றோம்.

பழைய மனைப்பட்டா, பண்ணைக் கூலிச்சீட்டு, மலேயாக் கடிதம், சங்க உறுப்பினர் அட்டை, பள்ளிச் சான்றிதழ் எதுவாயினும் பொங்கலுக்குள் படிப்பகத்திற்குக் கொண்டு வாருங்கள். மூலத்தை யாரும் நம்மிடம் விட்டுச் செல்ல வேண்டாம். படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். அடுத்த தமிழ்க் கனவு நிகழ்ச்சிக்குச் செல்லவிருக்கும் பிள்ளைகள் அதற்கு முந்திய ஞாயிறு மாலை நம்மை வந்து காணுங்கள். கேள்விகளை உட்கார்ந்து எழுதுவோம். முன்பு கேளாமல் வந்த பெண் இம்முறை முதல் வரிசையில் இடம் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அந்தத் துண்டுத்தாள் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.